ஜுபைல் கேம்பில் ஒரு ஜப்பானியக் குடும்பம்

அந்த ஜப்பானியப் படத்தைப் பற்றி நான் முதலில் படித்த விமர்சனத்தை எழுதியவர், படம் முடிவதற்கு முன்பே எழுந்து வெளியே போய்விட்டதாக ஒப்புக்கொண்டிருந்தார். அடுத்துப் படித்த விமர்சனம் அதே படத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. ஒரு வீட்டுக்குள் விழும் அடியை இத்தனை பக்கத்தில் வைத்துக் காட்டுவது வக்கிரம் என்றார்கள் சிலர். முகத்தைத் திருப்பிக்கொள்ள விடாமல் காட்டுவதுதான் நேர்மை என்றார்கள் வேறு சிலர். நான் இரண்டாவது கட்சி. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டிருந்தேன்.

அப்போது நான் சவூதியில், ஜுபைலில் இருந்தேன். பெட்ரோகெமிக்கல் ஆலைகளில் பராமரிப்பு வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில் டைம்கீப்பர். காலையில் யார் யார் பஸ்ஸில் ஏறினார்கள், யார் எத்தனை மணி நேரம் சைட்டில் நின்றார்கள் என்று குறிப்பது என் டூட்டி. அது போக, இணையத்தில் வரும் சிறிய தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குப் புனைபெயரில் வெளிநாட்டுப் பட விமர்சனங்கள் எழுதிவந்தேன். நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில் அது யாருக்கும் பெரிய சமாச்சாரம் இல்லை. நான் சும்மா இருக்கும் நேரத்தில் லேப்டாப்பும் கையுமாக இருப்பவன், அவ்வளவுதான்.

எங்கள் அறையில் இரண்டிரண்டு அடுக்காக நான்கு கட்டில்கள். ஒருவர் லீவில் ஊருக்குப் போயிருந்ததால் மூன்று பேர்தான் இருந்தோம். ஒருவர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த வெல்டர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்ஃபில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் வைத்த வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்க முடியாது என்று சூப்பர்வைசர்களே சொல்வார்கள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் மெஸ்ஸில் சண்டை போட்டுக் கஞ்சி வாங்கிவந்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எனக்கும் அப்படிச் செய்திருக்கிறார். மொத்த பிளாக்குக்கும் அவர் அண்ணன். இன்னொருவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டோர்கீப்பர், ஐம்பதைத் தாண்டியவர். தனக்கென்று ஒரு ரேடியோ, ஒரு வாளி, நாலு சட்டை. கேட்டால்தான் பேசுவார்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்ததும் வெல்டர் அண்ணன் வீட்டுக்கு வீடியோ கால் போடுவார். அவர் மனைவி போனை அடுப்பங்கரையில் எதன்மீதாவது சாய்த்துவைப்பார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் அதன் எதிரே வந்து நிற்க வேண்டும். அந்த வாரம் என்ன மார்க், டியூஷனுக்குப் போனானா, யாரோடு சுற்றினான் என்று விசாரணை நடக்கும். தப்பு இருந்தால் அடி. அடிப்பது அதே வீட்டில் இருந்த அண்ணனின் தம்பி. கையில் மடித்துப் பிடித்த கரண்ட் ஒயர். எத்தனை அடி என்பதை இங்கிருந்து அண்ணன் சொல்வார். எண்ணுவதும் அவர்தான்.

கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் எண்ணுவார். வலுவில்லாமல் விழுந்த அடி எண்ணிக்கையில் சேராது. சில நாட்களில் நெட் இழுக்கும். அப்போது ஒயர் பையன் தோளில் பட்டு அவன் உடம்பு சுருண்ட பிறகுதான் அடி விழும் சத்தம் எங்கள் அறைக்கு வரும். ஒரு முறை ஓங்கிய கையோடு படம் அப்படியே நின்றுவிட்டது. அது மறுபடி அசையும்வரை அண்ணன் அடுத்த எண்ணை நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இது ஆரம்பித்தவுடன் யாழ்ப்பாணத்துக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு துணி துவைக்கப் போய்விடுவார். துவைக்க ஒன்றும் இல்லாத வாரங்களிலும் போவார். நான் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஏதாவது படம் பார்ப்பேன். எட்டு மாதம் இப்படித்தான் போனது. அந்த எட்டு மாதத்தில், திரையில் வன்முறையை எப்படிக் காட்ட வேண்டும் என்பது பற்றி நான் இரண்டு நீண்ட கட்டுரைகள் எழுதியிருந்தேன்.

அந்த ஜப்பானியப் படத்தை நான் முதலில் தனியாகத்தான் பார்த்தேன், டூட்டி முடிந்துவந்து மூன்று தவணையாக. கதை சிறியது. கம்பெனி ஒரு ஆளைத் தூரத்து ஊருக்கு மாற்றிவிடுகிறது. குடும்பம் பழைய வீட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் போன் செய்கிறார். மனைவியும் மகனும் மகளும் போனைச் சுற்றி வரிசையாக நிற்கிறார்கள். மகன் செய்த தப்புகளை மனைவி ஒன்றுவிடாமல் சொல்கிறாள். ரிசீவரில் வரும் கட்டளைப்படி அவனை அறைகிறாள். சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும் என்பதால் ரிசீவரை அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே அறைகிறாள். கேமரா நகராது. வெட்டு கிடையாது. பையன் உதட்டில் ரத்தம் வந்து, அது காய்கிறவரைக்கும் காட்டுகிறார்கள். நடுவில் அப்பா அந்தத் தூரத்து ஊரிலேயே மாரடைப்பில் இறந்துபோகிறார். காரியமெல்லாம் முடிகிறது. அடுத்த ஞாயிறு, அதே நேரத்தில், ஒலிக்காத போன் முன்னால் மூவரும் வந்து வரிசையாக நிற்கிறார்கள். மனைவி கையை ஓங்குகிறாள்.

பார்த்து முடித்த உடனே எழுத உட்கார்ந்தேன். பாதி விமர்சனம் ஒரே மூச்சில் வந்தது. மீதியை இரண்டு நாளில் முடித்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் படத்தை அறை டி.வி.யில் போட்டேன். ஏன் போட்டாய் என்று பிற்பாடு என்னை நானே பல தடவை கேட்டிருக்கிறேன். நல்ல படத்தை நாலு பேர் பார்க்கட்டும் என்று போட்டதாக அன்று சொன்னேன். உண்மை அதுவல்ல. எட்டு மாதமாக என் வாயில் வராததை அந்தப் படம் எனக்குப் பதிலாக அண்ணனிடம் சொல்லட்டும் என்றுதான் போட்டேன்.

ஆரம்பத்தில், சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அண்ணன் ரசித்துப் பார்த்தார். வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து அந்த ஜப்பான்காரர் நூடுல்ஸ் சாப்பிடும் காட்சியில், இவனும் நம்மள மாதிரிதான் குடும்பத்த விட்டுட்டுக் கெடக்கான் என்றார். முதல் போன் வந்தது. முதல் அறை விழுந்தது. அண்ணன் தலையணையை மடியில் வைத்து அதன் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டார். நான் டி.வி.யைப் பார்த்ததைவிட அவர் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். யாழ்ப்பாணத்துக்காரர் தன் கட்டிலின் ஓரத்தில், முழங்கையை முழங்காலில் ஊன்றி, கடைசிவரை அசையாமல் பார்த்தார்.

படம் முடிந்ததும் அண்ணன் சொன்ன விமர்சனம் இது. "இதுல அப்பன் மேல என்ன தப்பு இருக்கு? தள்ளிக் கெடக்குறவன் வேற எப்புடிப் புள்ளைய வளக்குறது? அந்தப் பொம்பளதான் சரியில்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இத எனக்குக் காட்டணும்னுதான் போட்டியா?"

"இல்லண்ணே. பத்திரிகைக்கு எழுதணும், அதான்" என்றேன்.

அவர் கேரியரை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனார். மூன்று பேருக்கும் பிரியாணி வாங்கிவந்தார். எனக்கு ஒரு முட்டை அதிகமாக வைத்தார். சாப்பிடும்போது, ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் ஷட்டவுன் வேலை எப்போது தொடங்கும் என்பதைப் பற்றி மட்டும் பேசினோம். இன்றைக்கு கால் போட மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. படம் வேலை செய்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்ததையும் மறைக்க விரும்பவில்லை.

கை கழுவிவந்து கட்டிலில் சம்மணம் போட்டு, அவர் போனை எடுத்தார்.

அந்த வாரம் பையன் டியூஷனுக்குப் போகாமல் மூன்று நாள் கிரவுண்டில் கபடி ஆடியிருந்தான். அதைத் தம்பி அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார். அண்ணன் பதினஞ்சு என்றார். வழக்கமாக ஐந்து, மிஞ்சினால் எட்டு. அவர் மனைவியின் குரல் மெதுவாகக் கேட்டது. போன வாரம் விழுந்த இடத்தில் இன்னும் வீக்கம் வற்றவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். குறுக்கே பேசினால் இருபது ஆகும் என்றார் அண்ணன். குரலில் கோபமே இல்லை. என் கை தானாக இயர்போனைத் தேடியது. செருகிக்கொண்டேன். ஆனால் எதையும் ஓட விடவில்லை. அதனால் எல்லாம் கேட்டது.

யாழ்ப்பாணத்துக்காரர் அன்று வாளியை எடுக்கவில்லை. ஐந்து வரை உட்கார்ந்திருந்தார். ஆறில் எழுந்தார். ஏழில் அண்ணனின் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, காணும். நிப்பாட்டுங்கோ."

அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. எட்டு என்றார். யாழ்ப்பாணத்துக்காரர் குனிந்து, ஒரு குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதைப் போல, நிதானமாக அந்தப் போனை அவர் கையிலிருந்து எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு நிமிடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். அண்ணன் எழுந்த வேகத்தில் கட்டில் சுவரில் மோதியது. தலையால் முட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர் எதிர்க் கட்டிலின் இரும்புக் காலில் முதுகு அடிபட விழுந்தார். போன் தெறித்துத் தரையில் சறுக்கிக் கதவருகே போய் நின்றது. நடுவில் கிடந்த எவர்சில்வர் கேரியரைக் கைப்பிடியோடு அண்ணன் தூக்கினார். மூன்றடுக்கு கேரியர். பிரியாணிக்கு ஊற்றி மிச்சமிருந்த குழம்பு சுவரெங்கும் அடித்தது. முதல் வீச்சு யாழ்ப்பாணத்துக்காரரின் இடது காதைத் தாக்கியது. அந்தச் சத்தத்தோடு அண்ணன் ஒன்பது என்றார்.

அவர் எண்ணிக்கையை நிறுத்தவே இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பத்து தோளில் விழுந்தது. பதினொன்றில் யாழ்ப்பாணத்துக்காரரின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் கையைத் தூக்கித் தடுத்தார், திருப்பி அடிக்கவில்லை. நான் பின்னாலிருந்து அண்ணனின் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். வெல்டிங் டார்ச் பிடித்துப் பிடித்து இறுகிய முழங்கை அது. ஒரே இடியில் என் முன்பல் உடைந்து நாக்கில் கிடந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு. கேரியரின் கீழடுக்கு நசுங்கிப் பிய்ந்து உருண்டது. பதிமூன்று.

அப்போதுதான் கதவருகிலிருந்து குரல் கேட்டது. கால் துண்டிக்கப்படவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்த போனுக்குள்ளிருந்து அண்ணனின் மனைவி, என்னங்க, என்னங்க என்று அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அங்கே அவர்களுக்கு எங்கள் அறையின் டியூப்லைட் மட்டும்தான் தெரிந்திருக்கும். எண்ணிக்கையும் அடியும் கேட்டிருக்கும். பிறகு பையனின் குரல் வந்தது.

"அப்பா, அவர விட்டுருங்கப்பா. மிச்சத்த எனக்கே அடிக்கச் சொல்லுங்க."

அண்ணனின் கை மேலேயே நின்றது. கேரியரின் வளைந்த கைப்பிடி மட்டும் அதில் மிஞ்சியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கீழே கிடந்தவரைப் பார்த்தார். பிறகு போய்ப் போனை எடுத்தார். அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன் துண்டை எடுத்துவந்து யாழ்ப்பாணத்துக்காரரின் நெற்றியில் அழுத்திப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த அதே ஆள்தான் அது. எனக்கு அவர்மேல் அருவருப்பும் இரக்கமும் ஒன்றாக வந்தன.

பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். கேம்ப் நிர்வாகத்தைப் பார்க்கும் கேம்ப் பாஸ் வந்தார். சவூதியில் கேம்ப் சண்டை போலீஸுக்குப் போனால் யார் அடித்தவன், யார் தடுத்தவன் என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் எக்ஸிட் விசா அடித்து ஊருக்கு அனுப்பிவிடும் கம்பெனி. கேம்ப் பாஸ் இந்தியில் என்ன நடந்தது என்று கேட்டார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் யாழ்ப்பாணத்துக்காரர், மேல் கட்டிலில் ஏறியபோது கால் தவறி விழுந்ததாகச் சொன்னார். அவர் படுப்பது கீழ்க் கட்டில். கேம்ப் பாஸுக்கும் அது தெரியும். குழம்பு வழியும் சுவரையும் என் வாயையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கலாஸ், முடிந்தது என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாக நான் அதில் கையெழுத்துப் போட்டேன்.

கிளினிக்குக்குப் போகும் வண்டியில் நானும் யாழ்ப்பாணத்துக்காரரும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். இத்தனை மாதம் எழுந்து போனவர் இன்றைக்கு மட்டும் ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். பல் போன வாயில் எனக்கு வார்த்தை சரியாக வரவில்லை. அவருக்கும் இடது பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. வலது காதைத் திருப்பி மறுபடி கேட்கச் சொன்னார். பிறகு யோசித்துச் சொன்னார்.

"அந்தப் படத்திலை பக்கத்து வீட்டுக்காரன் ஒருத்தன் வாறான், பாத்தனீரே? போன் அடிக்கேக்கை எல்லாம் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்துறான். மற்ற ஆக்கள் எப்பிடிப் போனாலும் போகட்டும். அவனைப் பாக்கத்தான் எனக்கு ஏலாமல் போச்சு."

நான் அந்தப் படத்தைப் பற்றி ஒரு டஜன் விமர்சனங்கள் படித்திருந்தேன். திட்டியவர்களும் சரி, கொண்டாடியவர்களும் சரி, அந்தப் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. மொத்தப் படத்திலும் நான்கு தடவை வருகிறான். அந்த நான்கையும் நான் பார்த்திருந்தேன். அதில் எழுத ஏதாவது இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய இடது செவிப்பறை கிழிந்திருந்தது. நெற்றியில் தையல் போட்டார்கள். என் பல்லின் மிச்சத்தைப் பிடுங்கினார்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்த என் விமர்சனம் அடுத்த வாரம் வெளியானது. என் எழுத்துக்கு அவ்வளவு வரவேற்பு அதற்கு முன்பு கிடைத்ததில்லை. வன்முறையை நேருக்கு நேர் பார்க்கும் துணிச்சல் எனக்கு இருப்பதாக ஒருவர் கீழே எழுதியிருந்தார். ஜப்பானியர்களுக்கு மனநோய், நம் ஊரில் எந்த அப்பாவும் இப்படி இருக்க மாட்டார் என்று இன்னொருவர். அதற்கு நிறையப் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். நான் மெஸ்ஸில் உட்கார்ந்து, ஒரு பக்கமாகக் குப்பூஸ் ரொட்டியை மென்றுகொண்டே அதையெல்லாம் படித்தேன். பதில் எழுத நான்கைந்து தடவை ஆரம்பித்தேன். நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்து, ஒவ்வொரு தடவையும் படத்தில் ஒளி எங்கிருந்து விழுகிறது என்பதில் போய் முடிந்தது. அழித்துவிட்டேன். கட்டுரையையே எடுத்துவிடும்படி ஆசிரியருக்கு எழுதினேன். இவ்வளவு பேர் படிக்கும்போது ஏன் என்று கேட்டார். அது இன்றைக்கும் இணையத்தில் இருக்கிறது.

வெல்டர் அண்ணன் தானே கேட்டு வேறு பிளாக்குக்கு மாறிப்போனார். போவதற்கு முன்பு யாழ்ப்பாணத்துக்காரரின் காலைத் தொட்டார். அவர் காலை இழுத்துக்கொண்டார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார். ஏர்போர்ட் பஸ்ஸில் ஏறும்போதும் பேசுகிறவர்களுக்கு வலது காதைத்தான் திருப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அண்ணனின் மனைவி போனை எங்கேயும் சாய்த்துவைக்கவில்லை. அடுத்த இரண்டு வாரம் எடுக்கவே இல்லை. மூன்றாவது வாரம், பையனைக் கூட்டிக்கொண்டு திருப்பூரில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகத் தம்பி சொன்னார். ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாராம். பையனை அங்கேயே பள்ளியில் சேர்த்தாராம். அண்ணன் லீவு போட்டு ஊருக்கு ஓடினார். திருப்பூரில் வாசல்வரை போயிருக்கிறார். பையன் வெளியே வந்து, இவரைக் கண்டதும் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றானாம். அடிக்க வந்திருப்பதாக நினைத்து நின்றானா, தழும்பைப் பார்க்கட்டும் என்று நின்றானா என்பது அண்ணனுக்குத் தெரியவில்லை. உள்ளே போகாமல் திரும்பிவிட்டார். இதையெல்லாம் அவர் கேம்பில் ஒருவரிடம் அழுதுகொண்டே சொல்ல, அந்த ஆள் வழியாக எனக்குத் தெரியவந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு காலை ஷிஃப்டுக்கு முன்னால், பஸ் நிறுத்தத்தில் அவர் என்னிடம் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பையன் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருப்பதாகச் சொன்னார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதுதான். அவருடைய நம்பர் வந்தால் அங்கே யாரும் எடுப்பதில்லை.

"உன் போன்ல இருந்து ஒரு தடவ போட்டுக் குடுப்பா. நான் பேச மாட்டேன். கொரல மட்டும் கேட்டுக்கிறேன்."

அவர் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. அவர் உள்ளங்கை என் முன்னால் விரிந்திருந்தது, அதில் வெல்டிங் பொறி பட்ட கறுப்புப் புள்ளிகள். அந்தப் பக்கம் பையன் அலோ என்று சொல்லி, பதில் வராமல், யார் என்று புரிந்துகொள்ளும் அந்த நொடியை நினைத்துப் பார்த்தேன்.

"மாட்டேன்ணே" என்றேன்.

அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். சரிதான் என்பதுபோலவும் இருந்தது, வேறு எதற்கோ ஆட்டியதுபோலவும் இருந்தது. பஸ் வந்தது. பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த மாதக் கடைசியில் அவரைச் செங்கடல் கரையில் யான்புவில் ஒரு சைட்டுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.